காசில்லாமல் சமூகவியல் படிக்க முடியுமா? இலவச இணையப் பாடங்கள் குறித்து ஒரு மதிப்புரை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று கொங்குநாட்டில் எந்தத் திசையில் பேருந்து ஏறினாலும் வழியில் ஒரு பொறியியல் கல்லூரியின் நுழைவாயில் வளைவைக் கடக்காமல் போக முடியாது. ஆனால் குடும்பம், சாதி, கூலி, குடிபெயர்வு ஆகியவை எவ்வாறு இயங்குகின்றன என்று முறையாகக் கற்றுத்தரும் சமூகவியல், மானிடவியல் துறைகளைத் தேடினால் மிகச் சிலவே அகப்படும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை சமூகவியல் படிக்கப்போவதாகச் சொன்னால், அதைப் படித்து எந்த வேலைக்குப் போவாய் என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு அது நியாயமான கேள்வியே. அப்படிப் பொறியியல் படித்துவிட்டுத் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் நான். சுற்றியிருக்கும் மனிதர்களைப் புரிந்துகொள்ளும் ஆவல் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குள் வலுத்தது. கடந்த சில ஆண்டுகளாக இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் சமூக அறிவியல் பாடங்களைப் படித்துவருகிறேன். என்னைப் போன்ற நிலையில் இருப்பவர்கள் எதில் தொடங்கலாம், எதில் நேரத்தை இழக்க வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

இவற்றை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது, இலவசம் என்று சொல்லப்படுவதில் எவையெல்லாம் அடங்கும் என்பதைத்தான். விரிவுரை, படிக்க வேண்டிய நூற்பகுதிகள், பயிற்சி வினாக்கள், சான்றிதழ் ஆகிய நான்கில் முதல் இரண்டும் தடையின்றிக் கிடைத்தாலே படிக்கலாம். நான்காவது இல்லாமற்போனால் என் போன்றவர்களுக்கு நட்டமொன்றும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி தன் பாடங்களை உலகுக்குத் திறந்துவைக்கப்போவதாக 2001 இல் அறிவித்தது. நம் நாட்டில் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 இல் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. பல பல்கலைக்கழகங்களின் பாடங்களை ஓரிடத்தில் தரும் தளங்களான கோர்சராவும் எட்எக்ஸும் 2012 இல் வந்தன. ஒன்றிய அரசின் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கி வைக்கப்பட்டது. இவற்றுள் பின்னால் வந்தவை எல்லாம் முன்னால் வந்தவற்றைவிட மேலானவை என்று எண்ணிவிட வேண்டாம்.

என் மதிப்பில் முதலிடம் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைப் பாடங்களுக்கே. அங்கே சமூகவியல் பேராசிரியர் இவான் செலேனி 2009 இல் நடத்திய நவீன சமூகக் கோட்பாட்டின் அடித்தளங்கள் என்ற பாடம் 25 விரிவுரைகளாக அப்படியே பதிவாகியிருக்கிறது. பெயரைப் பதிவுசெய்ய வேண்டியதில்லை, கடவுச்சொல் இல்லை, காலக்கெடு இல்லை. காணொளி, ஒலிப்பதிவு, எழுத்து வடிவம் மூன்றும் கிடைக்கின்றன. ஹாப்ஸில் தொடங்கி லாக், ரூசோ, ஆடம் ஸ்மித், மில், மார்க்ஸ், நீட்சே, ஃபிராய்டு, வேபர் வழியாக துர்கைமில் முடியும் இந்தப் பாடத்தில் ஒவ்வொரு சிந்தனையாளரும் தனக்கு முன்னவரோடு எங்கே உடன்படுகிறார், எங்கே முரண்படுகிறார் என்பதைச் செலேனி பொறுமையாகக் காட்டுகிறார். அவர் ஹங்கேரியைச் சேர்ந்தவர். அங்கிருந்த ஆட்சியால் கைதுசெய்யப்பட்டு 1975 இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர். மார்க்ஸின் பெயரால் நடந்த ஆட்சியின் கீழ் வாழ்ந்து துன்பப்பட்ட ஒருவர், அதே மார்க்ஸை வெறுப்பும் துதியும் இன்றி, எடுத்த வாதத்தை அதன் முழு வலிமையோடு முன்வைத்துப் பிறகு விமர்சிப்பதைக் கேட்பது பெரும் கல்வி. தெருமுனைக் கூட்டங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் நமக்கு இந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை.

இந்தப் பாடத்தின் பயனை வேலை செய்யும் இடத்திலேயே உணர்ந்தேன். ஊசி தயாரிப்பில் வேலையைப் பிரித்துக்கொண்ட பத்துப் பேர் ஒரே நாளில் 48,000 குண்டூசிகள் செய்ததாக ஆடம் ஸ்மித் 1776 இல் எழுதிய பகுதி எல்லோரும் அறிந்தது. திருப்பூரில் ஒரு பனியன் நூலாகத் தொடங்கி நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள் என்னும் தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எத்தனை கைகள் மாறுகிறது என்பதும், அவற்றுள் பல வெவ்வேறு ஆட்களின் ஜாப் ஒர்க் (பிறருக்காகக் கூலிக்குச் செய்துதரும் வேலை) கூடங்களில் நடப்பதும் இவ்வூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். ஸ்மித் இதில் உற்பத்திப் பெருக்கத்தைக் கண்டார். 1893 இல் எழுதிய துர்கைமோ, வேலைப் பிரிவினை மனிதர்களை ஒருவரையொருவர் சார்ந்திருக்கச் செய்து சமூகத்தைக் கட்டுகிறது என்று கண்டார். அதோடு நிறுத்தாமல், விருப்பமின்றித் திணிக்கப்பட்ட பிரிவினையும் நெறி குலைந்த பிரிவினையும் அந்தக் கட்டை அவிழ்த்துவிடும் என்றும் அவரே எச்சரித்தார். சாயப்பட்டறையில் நிற்பவரும் அதே துணியைத் தைக்கும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஊரில், ஒன்றரை ஷிப்டு முடித்துச் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு நிற்பவர்களை நாள்தோறும் பார்க்கும் எனக்கு, இந்த மூன்று பார்வைகளையும் அடுத்தடுத்து வைத்து யோசிக்கக் கிடைத்த வாய்ப்பு மிகப் பெரியது.

யேல் பாடத்தின் குறை ஒன்றுண்டு. படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல்தான் தரப்படுகிறது. நூல்களை நாமே தேடிக்கொள்ள வேண்டும். ஹாப்ஸ், ஸ்மித் போன்றோரின் நூல்கள் காப்புரிமை கடந்தவை என்பதால் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்திலும், மார்க்ஸின் எழுத்துகள் மார்க்சிய ஆவணத் தளத்திலும் காசின்றிக் கிடைக்கின்றன.

அடுத்து என்பிடெல், ஸ்வயம். இரண்டும் இன்று ஒரே வாசல் வழியாகத்தான் திறக்கின்றன. ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும் இரு பருவங்களில், 4, 8, 12 வாரப் பாடங்களாக இவை நடக்கின்றன. வாரந்தோறும் காணொளிகள் வெளியாகும். வாரந்தோறும் ஒரு பயிற்சித்தாளைக் குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். சேர்வதற்குக் கட்டணம் இல்லை. என்பிடெல் பாடத்துக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். பயிற்சித்தாள்களுக்கு 25 விழுக்காடும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண். சென்னை ஐஐடி வழங்கும் செவ்வியல் சமூகவியல் கோட்பாடு போன்ற பாடங்கள் தரமானவை. இந்தியக் கல்லூரி வகுப்பறையின் ஆங்கிலத்தில், நமக்குப் பழக்கமான வேகத்தில் நடப்பதால் யேல் விரிவுரைகளைப் பின்தொடரச் சிரமப்படுவோர் இங்கே தொடங்குவது நல்லது. வாரக் கெடு என்ற ஒன்று இருப்பதும் வேலைக்குப் போகிறவர்களுக்கு நன்மையே. கெடு இல்லாத பாடம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை தள்ளிக்கொண்டே போகும். எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019 இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, 2017-18 ஆம் ஆண்டில் சேர்ந்தவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேர்தான் பாடத்தை முடித்தார்கள்.

என்பிடெல் முறையில் எனக்கு உடன்பாடில்லாத இடம் அதன் பயிற்சித்தாள்தான். நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் மின்னியலுக்குப் பொருந்தலாம். சாதி என்பது அந்தஸ்தா, வர்க்கமா, இரண்டும் கலந்ததா என்று ஒரு மாணவர் இரண்டு பக்கம் எழுதித் தன்னோடு தானே வாதிட வேண்டிய இடத்தில், வேபர் எந்த ஆண்டு பிறந்தார் என்ற அளவிலான வினாவுக்கு விடை குறிப்பது அந்தத் துறைக்கே பொருந்தாதது. ஆயிரக்கணக்கானோரின் கட்டுரைகளைத் திருத்த ஆள் இல்லை என்ற நடைமுறைச் சிக்கல் எனக்குப் புரிகிறது. அப்படியென்றாலும், திருத்தப்படாவிட்டால் போகட்டும், எழுதிப் பார்க்க ஒரு நல்ல வினாவையாவது வாரந்தோறும் தரலாமே.

ஸ்வயத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பருவத்தில் மாணவர் படிக்கும் பாடங்களில் 40 விழுக்காடு வரை இத்தளத்தின் வழியாகவே படித்து மதிப்பெண் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021 இல் விதியைத் தளர்த்தியது. ஆசிரியர் இல்லாத கல்லூரி மாணவருக்கு இது உதவி. அதே விதி, ஆசிரியரை நியமிக்காமலே இருப்பதற்குக் காரணமாகவும் ஆகிவிடக்கூடும். பிரின்ஸ்டன் பேராசிரியர் மிட்செல் டுனைர் 2012 இல் கோர்சராவில் நடத்திய சமூகவியல் அறிமுகப் பாடத்தை உலகெங்கும் பல்லாயிரம் பேர் படித்தார்கள். பிற பல்கலைக்கழகங்கள் அதை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கினால் அரசுகள் உயர்கல்விக்கான நிதியைக் குறைக்க அது சாக்காகிவிடும் என்று அஞ்சி, அடுத்த ஆண்டே அவர் அதை நிறுத்திக்கொண்டார். நம் வட்டாரத்தில் ஏற்கெனவே ஆள் குறைந்துள்ள கலைப்பாடத் துறைகளை நினைக்கும்போது அவருடைய அச்சம் எனக்கும் வருகிறது.

காணொளியைவிட எழுத்தைப் படிப்பதே வசதி என்பவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் இணையக் களஞ்சியத்தையும் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2006 முதல் நடத்திவரும் ஓப்பன்லேர்ன் தளத்தையும் பரிந்துரைக்கிறேன். இக்னோ பாடநூல்களின் நடை வறண்டது, அச்சும் அழகில்லை. ஆனால் குடும்பம், உறவுமுறை, கிராமம், சாதி என்று எதை எடுத்தாலும் இந்திய எடுத்துக்காட்டுகளோடு விளக்குவதால், மேலை நூல்களில் கிடைக்காத ஒரு பிடிமானம் கிடைக்கிறது. ஓப்பன்லேர்ன் பாடங்கள் எத்தனை மணி நேரம் பிடிக்கும், தொடக்க நிலையா உயர்நிலையா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றன. பங்கேற்புச் சான்றும் கட்டணமின்றித் தரப்படுகிறது. பெரும்பாலும் எழுத்தாக இருப்பதால், மலையடிவார ஊர்களில் இணைப்பு மந்தமாக உள்ளவர்களும் இறக்கிவைத்துக்கொண்டு படிக்கலாம்.

கோர்சராவை முன்பு மனமாரப் பாராட்டியிருப்பேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பார்ட் வான் ஹேரிக்ஹாய்சன் அங்கே நடத்திய செவ்வியல் சமூகவியல் பாடம், மேண்டவில் தொடங்கி டோக்வில், காம்ட் வழியாக நோர்பர்ட் எலியாஸ் வரை ஒரு கதையைப் போல நகரும் அருமையான பாடம். ஆனால் அத்தளம் கட்டணமின்றிப் பார்க்கும் வாய்ப்பைப் படிப்படியாகக் குறைத்துவிட்டது. பல பாடங்களில் முதற்பகுதிக்குப் பிறகு கதவு மூடிக்கொள்கிறது. எட்எக்ஸும் அப்படியே: கட்டணமில்லாமல் சேர்ந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும், மதிப்பெண் உள்ள பயிற்சிகள் திறக்காது. பல்கலைக்கழகங்கள் தொடங்கிய எட்எக்ஸ் 2021 இல் 80 கோடி டாலருக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது என்பதை நினைவில் வைத்தால் இதற்குக் காரணம் விளங்கும். இவற்றில் நல்ல பாடம் ஏதும் முழுமையாகத் திறந்திருக்கக் கண்டால் உடனே படித்துவிடுங்கள்; பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இலவசக் காணொளிப் பாடத் தளமான கான் அகாதெமியில் சமூகமும் பண்பாடும் என்ற தலைப்பில் பத்து நிமிடக் காணொளிகள் பல உள்ளன. அவை அமெரிக்க மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுவோருக்காக உருவாக்கப்பட்டவை. மருத்துவராகப் போகிறவர் மனித நடத்தையின் உளவியல், சமூக அடிப்படைகளையும் அறிந்திருக்க வேண்டும் என்று 2015 முதல் அத்தேர்வில் ஒரு முழுப் பகுதியையே சேர்த்திருக்கிறார்கள். நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் இரவு பகலாக நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டுமே கேட்கப்படுகின்றன. நோயாளி எந்தத் தெருவிலிருந்து வருகிறார், ஏன் இரண்டு மாதம் தாமதித்து வந்தார் என்று யோசிக்கும் மருத்துவர் நமக்கும் வேண்டும்.

உளவியல் பாடங்களைப் பார்ப்பவர்கள் பதிவான ஆண்டை முதலில் கவனிக்க வேண்டும். யேலில் பால் புளூம் நடத்திய உளவியல் அறிமுகம் 2007 இல் பதிவானது, சுவையாகப் பேசுகிறார். ஆனால் அதன் பின் அத்துறையில் பெரும் அதிர்ச்சிகள் நிகழ்ந்துவிட்டன. உளவியல் ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலைநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களையே வைத்துச் செய்யப்பட்டவை, அவர்களை வைத்து மனித இனம் முழுவதையும் பற்றிப் பேசிவிட முடியாது என்று ஜோசப் ஹென்ரிக்கும் உடனாய்வாளர்களும் 2010 இல் எழுதினார்கள். 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தபோது பாதிக்கும் குறைவானவற்றிலேயே பழைய முடிவு கிடைத்தது என்று 2015 இல் அறிவிக்கப்பட்டது. பழைய விரிவுரையைக் கேட்டுவிட்டு மனிதர்கள் இப்படித்தான் என்று கூட்டங்களில் பேசுவதற்கு முன் இவ்விரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

மானிடவியலுக்கு வந்தால், எம்ஐடி தளத்தில் காணொளிகள் குறைவு. பாடத்திட்டமும் வாசிப்புப் பட்டியலும்தான் பயன்படும். உறவுமுறை பற்றிய பகுதி நம் ஊர்க்காரர்களைத் துள்ளி எழச் செய்யும். நியூயார்க் வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன், வட அமெரிக்காவின் இரோகுவா மக்களுடைய உறவுமுறையும் தமிழர் உறவுமுறையும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்து 1871 இல் எழுதினார். தந்தையின் உடன்பிறந்தான் மக்கள் நமக்கு உடன்பிறந்தவர்கள், தாயின் உடன்பிறந்தான் மக்கள் முறைக்காரர்கள் என்ற அமைப்புக்கு மானிடவியல் பாடங்கள் திராவிட உறவுமுறை என்றே பெயர் சூட்டியிருக்கின்றன. கூட்டம் (குலப்பிரிவு) பார்த்துப் பெண்ணெடுப்பதும், பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று விசாரித்துவிட்டே பேச்சைத் தொடங்குவதும், மணமகனோடு அவன் உடன்பிறந்தவள் நிற்கும் இணைச்சீரும் நாம் பிறந்தது முதல் பார்த்து வருபவை. அவற்றின் உள்ளே ஒரு தருக்கம் இருக்கிறது, அதை ஆராய ஒன்றரை நூற்றாண்டாக ஒரு துறை உழைத்துவருகிறது என்பதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960களின் நடுவில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, கொங்குச் சமூகத்தின் வலங்கை, இடங்கை என்னும் சாதி அணிப் பிரிவுகளை ஆராய்ந்து 1972 இல் நூலாக்கினார். உடுக்கடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையையும் ஒலிப்பதிவு செய்தார். உழவுக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் திருப்பூரில் பனியன் முதலாளிகளானதையும், தங்கள் உயர்வுக்கு உழைப்பையே காரணமாகச் சொல்வதையும் ஷரத் சாரி ஆராய்ந்து 2004 இல் வெளியிட்டார். உழைப்பு நெறிக்கும் முதலாளியத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த வேபரைப் பற்றிய விரிவுரையைக் கேட்டுவிட்டு இந்த ஆய்வைப் படித்தால், உழைப்பு என்று முதலாளி சொல்வதில் யாருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது, யாருடையது விடுபட்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றும். உலக அறிஞர்கள் இவ்வளவு கூர்ந்து பார்த்த மண்ணைப் பற்றி, நான் பார்த்த இலவசப் பாடங்கள் எதிலும் ஒரு விரிவுரைகூட இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை மொழிதான். என்பிடெல் தமிழில் பெயர்த்துத் தருபவை பெரும்பாலும் பொறியியலும் கணினியும். பவர் டேபிளில் உட்காரும் பெண்ணுக்கும், ஒடிசாவிலிருந்து வந்தவரோடு ஒரே வளவில் குடியிருக்கும் மதுரைக்காரருக்கும் சமூகம் பற்றிக் கேட்க எத்தனையோ கேள்விகள் உண்டு. அவர்கள் கையிலிருக்கும் செல்பேசியில் அதற்கான பாடம் தமிழில் இல்லை. சமூகச் சிந்தனைக்குத் தமிழில் சொற்கள் போதாது என்று சொல்வோரை நான் ஏற்கவில்லை. குடி அரசு இதழ் ஈரோட்டில் 1925 இல் தொடங்கியது. சாதி, மதம், பெண்ணுரிமை பற்றிய கடுமையான வாதங்களை எளிய மக்கள் படிக்கும் தமிழில் அது நடத்திக் காட்டியது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் தமிழர் பண்பாடு, கலை, இலக்கியம் பற்றிய பாடங்களைத் திறந்துவைத்திருக்கிறது. அதன் மின்னூலகம் அரிய செல்வம். அந்தக் கட்டமைப்பின் மீதே ஒரு சமூகவியல் அறிமுகத்தைக் கட்டலாம்: ஸ்மித்தும் துர்கைமும் திருப்பூர் ஜாப் ஒர்க்கை வைத்து, உறவுமுறை கொங்குச் சீர்களை வைத்து, குடிபெயர்வு பல்லடம் சாலை விசைத்தறிக் கூடங்களை வைத்து விளக்கப்பட வேண்டும், பன்னிரண்டு வாரம் போதும், வாரத்துக்கு ஒரு கட்டுரை வினா இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, பேராசிரியர்கள் இருக்கிறார்கள், பதிவுசெய்யும் கருவிகள் மலிந்துவிட்டன.

அதுவரை, ஆங்கிலம் ஓரளவு கைவந்தவர்கள் இக்னோவின் ஒரு தொகுதியைப் படித்துவிட்டு ஜூலைப் பருவத்தில் என்பிடெல்லின் 8 வாரப் பாடம் ஒன்றில் சேருங்கள். அது முடிந்த பிறகு யேலுக்குப் போங்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பாடத்தை எடுத்து, வாரம் ஒருமுறை கிளை நூலகத்திலோ தேநீர்க்கடையிலோ உட்கார்ந்து கேட்டதைத் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிப்பாருங்கள். தேர்வுக் கட்டணம் கட்டுவதைக் கடைசி வாரம் வரை ஒத்திவைக்க முடியாது, அதற்குத் தனிக் கெடு உண்டு. சான்றிதழ் தேவைப்படுவோர் சேரும்போதே அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.